கொடுப்பவர் ஒருவர், பெயர் யாருக்கு?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியர் ஒருவரின் சம்பளச் சீட்டில், மத்திய சேமநிதிப் பிடித்தத்தை ஒட்டி, பெரும்பாலோர் நின்று கவனிக்காத சிறுதொகை ஒன்று மாதாமாதம் கழிக்கப்படுகிறது. சிண்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் நிதிக்குச் செல்லும் அத்தொகை, 2015 ஜனவரியில் வகுக்கப்பட்ட அளவுகளின்படி, 1,000 வெள்ளி வரையிலான மாதச் சம்பளத்துக்கு 1 வெள்ளியில் தொடங்கி, 2,500 வெள்ளிக்கு மேல் 4,500 வரை வாங்குவோருக்கு 7 வெள்ளியாகி, 15,000 வெள்ளிக்கு மேல் வாங்குவோருக்கு 30 வெள்ளியில் முடிகிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனப்படும் உயர்நிலை வேலை அனுமதி பெற்றவர்களும் இதில் அடங்குவர். தமிழர், மலையாளிகள், தெலுங்கர், பஞ்சாபியர், சிந்தியர் ஆகியோருடன் வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியர், சிங்களவர் ஆகியோரையும் இந்த ஏற்பாடு ஒரே குடையின்கீழ் கொண்டுவருகிறது. வேண்டாம் என்று படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடித்தம் நின்றுவிடும். கொடுக்காதவரை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

சட்டத்தின் வலுவோடு வசூலாவதால் வரியைப் போலத் தோன்றினாலும், மறுக்கும் உரிமை கொடுப்பவர் கையிலேயே இருப்பதால் கொடையாகவும் கொள்ளத்தக்க இந்த 1 வெள்ளி, பொதுச்சேவையும் தனிமனிதக் கொடையும் அரசியல் தலைமையும் சிங்கப்பூரில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்குச் சான்று. பணம் தனிமனிதருடையது, வசூலிக்கும் இயந்திரம் அரசுடையது, பெறுபவர் சமூகத்தின் பிள்ளைகள், மேற்பார்வையிடும் அறங்காவலர்களில் அமைச்சர்களும் உண்டு. இவ்வாறு கைமாறிச் செல்லும் ஒரு வெள்ளிக்குக் கணக்குச் சொல்லும் கடமை யாருடையது, அதனால் விளையும் நன்றியும் நற்பெயரும் யாரைச் சேர வேண்டும் என்ற கேள்வி, நாடு முழுமைக்கும் பொதுவானதுதான் என்றாலும், அது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் நிற்கும் இடம் வடகிழக்கில் உள்ள செங்காங்.

ஒரு தொகுதி, இரண்டு முகவரிகள்

செங்காங் புதிய நகர். வடகிழக்கு எம்ஆர்டி தடம் 2003 ஜூனில் திறக்கப்பட்டது அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது; காம்பஸ்வேல், ரிவர்வேல், ஆங்கர்வேல், ஃபெர்ன்வேல் என்று வரிசையாக எழுந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் இளம் தம்பதியர். லிட்டில் இந்தியாவின் கடைத்தெருவிலிருந்து ரயிலில் எளிதில் வந்துவிடலாம் என்பதாலும், ரிவர்வேல் கிரசென்ட்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருப்பதாலும், தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய ஊராகிவிட்டது. 2020இல் செங்காங் தனிக் குழுத்தொகுதியாக அமைக்கப்பட்டது. பல உறுப்பினர்கள் ஓர் அணியாகப் போட்டியிடுவதும், அவர்களுள் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பதும் 1988இல் கொண்டுவரப்பட்ட குழுத்தொகுதி முறையின் அடிப்படை. 2020 ஜூலை 10 அன்று நடந்த பொதுத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் நால்வர் அணி 52.12 விழுக்காட்டு வாக்குகளுடன் ஆளும் மக்கள் செயல் கட்சியை வென்றது. 2025 மே 3 அன்று அதே கட்சி 56.31 விழுக்காட்டுடன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது.

தேர்தலில் வென்றவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும், நகர மன்றத்தின் பொறுப்பாளர்களாகவும் ஆகிறார்கள். நகர மன்றம் என்பது மின்தூக்கி, துப்புரவு, விளக்கு, சாயம் பூசுதல் முதலிய பராமரிப்புப் பணிகளைக் கவனிக்கும் அமைப்பு. அதற்குக் குடியிருப்பாளர்கள் மாதக் கட்டணம் செலுத்துகிறார்கள். இதற்கு இணையாக, 1960 ஜூலையில் தொடங்கப்பட்ட மக்கள் கழகத்தின் கீழ் இன்னொரு கட்டமைப்பு இயங்குகிறது. சமூக மன்றங்கள், குடியிருப்பாளர் குழுக்கள், குடிமக்கள் ஆலோசனைக் குழு ஆகியவை இதில் அடங்கும். உள்ளூர்ப் புரவலர்களிடம் நன்கொடை திரட்டுவதும், வசதி குறைந்த குடும்பங்களுக்கு அவசர உதவி வழங்குவதும், கூரையிட்ட நடைபாதை, உடற்பயிற்சிக் கருவி போன்ற மேம்பாட்டுத் திட்டங்களுக்கு அரசு நிதியை முன்மொழிவதும் குடிமக்கள் ஆலோசனைக் குழுவின் வேலைகள். அந்தக் குழுக்களுக்கு ஆலோசகர் என ஒருவர் நியமிக்கப்படுவார். ஆளுங்கட்சி வென்ற தொகுதிகளில் அவர் அந்தத் தொகுதியின் உறுப்பினரே. எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளிலோ, ஆளுங்கட்சியின் சார்பில் போட்டியிட்டுத் தோற்றவரோ, அடுத்த தேர்தலை நோக்கி அக்கட்சி அங்கே பணியமர்த்தியவரோ ஆலோசகராகிறார். ஆலோசகர் அரசின் திட்டங்களை மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டியவர் என்பதால், அரசை எதிர்த்து வாதிடும் கடமையுள்ளவர் அந்தப் பொறுப்பில் இருக்க இயலாது என்பது அரசின் நெடுநாளைய விளக்கம்.

விளக்கத்தில் தர்க்கம் இல்லாமல் இல்லை. ஆயினும் அதன் விளைவாக, செங்காங்கில் ஒரே புளோக்கில் வசிக்கும் முதியவர் ஒருவர், மின்தூக்கி பழுதானால் ஒரு வாசலையும், வீட்டுக்கு எதிரே கூரையிட்ட நடைபாதை வேண்டுமென்றால் இன்னொரு வாசலையும் தட்ட வேண்டியிருக்கிறது. நடைபாதை அமைந்ததும் அதைக் கொண்டுவந்தவர் யார் என்ற சர்ச்சை எழுவது வாடிக்கை. அதற்குச் செலவானது வரிப்பணம் என்பதை அந்தச் சர்ச்சையில் இரு தரப்புமே நினைவூட்டுவதில்லை.

வள்ளல் மரபும் சில்லறை மரபும்

தமிழருக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஆள்பவனே கொடுப்பவன் என்று போற்றிய புறநானூற்றுக் காலத்திலிருந்து, திரையில் வாரி வழங்கியவரைத் தேர்தலிலும் வள்ளலாகவே கண்டு வாக்களித்த எம்.ஜி.ஆர். காலம் வரை, தலைமையையும் ஈகையையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிய சமூகம் இது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, தனிமனிதர்களும் தொண்டு அமைப்புகளும் அனுப்பிய நிவாரணப் பொருள்கள்மீது முதலமைச்சரின் படத்தை ஒட்டச் சொல்லி ஆளுங்கட்சியினர் வற்புறுத்தினார்கள் என்று எழுந்த புகார், அந்தப் பழக்கத்தின் கோணலான எல்லை. கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை வெளிச்சம் மறையும் அளவுக்குப் பெரிதாக எழுதிவிடுவார்கள் என்று தமிழர்கள் தம்மையே கேலி செய்துகொள்வதும் அதே நோயின் எளிய அறிகுறி.

சிங்கப்பூர்த் தமிழரின் தொடக்ககால வரலாறும் வள்ளல்களின் வரலாறே. 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை நடத்திப் பொருளீட்டியவர். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமான அவரே இந்தியர்களின் தலைவராகவும் ஏற்கப்பட்டார். 1905இல் வந்து, சிராங்கூன் சாலையில் மளிகையிலும் துணியிலும் வணிகம் செய்து பெருஞ்செல்வரான பி. கோவிந்தசாமி பிள்ளை, சீனிவாசப் பெருமாள் கோயிலின் ராஜகோபுரத்துக்கு அளித்த நிதியால் 1966இல் அது எழுந்தது. தைப்பூசக் காவடிகள் இன்றும் அந்தக் கோபுர வாசலிலிருந்தே புறப்படுகின்றன. கொடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்த காலம் அது. கொடுத்ததனாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

அந்த மரபிலிருந்து விலகி வேறொரு வழியைக் காட்டியவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய அவர், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1950களில் போராடியபோது, செல்வந்தர் இருவர் மூவரை அணுகிக் காரியத்தை முடித்துக்கொள்ள முயலவில்லை. தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி என்று சாதாரணத் தொழிலாளர்களிடம் கேட்டார். துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்தவர்கள் தந்த சில்லறையில் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வந்தன. அந்த நிதியின் பெரும்பயன் நூல்களோடு முடிந்துவிடவில்லை. ஒரு வெள்ளி கொடுத்தவர் ஒவ்வொருவரும் பல்கலைக்கழகத்தில் தமிழ் தம்முடைய உரிமை என்று பேசும் தகுதியைப் பெற்றார். சிங்கப்பூர்க் குடியுரிமையைப் பதிவு செய்துகொள்ளுமாறு அதே இதழ் அதே தொழிலாளர்களிடம் 1957இல் வற்புறுத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், சாரங்கபாணிக்குக் கொடை என்பது குடிமைப் பயிற்சியாகவே இருந்தது என்பது விளங்கும். தமிழ்ச் சிங்கப்பூர் கண்ட தலைமைகளுள் இதுவே ஆகச் சிறந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

1991இல் சிண்டா தொடங்கப்பட்டபோது அடிப்படை எண்ணம் அதுவே. கல்வியில், குறிப்பாகக் கணக்கில், இந்திய மாணவர்கள் பின்தங்கியிருந்த கவலையிலிருந்து அது பிறந்தது. குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகள் இன்றும் அதன் முதுகெலும்பு. மலாய்ச் சமூகத்துக்கு மெண்டாக்கி என்னும் அமைப்பு அதற்கு முன்பே இருந்தது. சீனச் சமூகத்துக்கான மன்றம் 1992இல் வந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கான சமூகமும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சமூகமும் தத்தம் ஏழைகளைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது எவ்வகை நியாயம் என்ற விமர்சனம் தொடக்கம் முதலே உண்டு. தன் இனத்தவருக்கு உதவி செய்யும்போது தொண்டூழியர்கள் எளிதில் முன்வருகிறார்கள், குடும்பங்களும் மனம்விட்டுப் பேசுகின்றன என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனினும் சாரங்கபாணியின் வெள்ளிக்கும் சிண்டாவின் வெள்ளிக்கும் இடையே ஒரு வேறுபாடு காலப்போக்கில் தடித்துவிட்டது: முன்னதைக் கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தோம் என்று அறிந்திருந்தார், பின்னதைக் கொடுப்பவருள் பலர் கொடுக்கிறோம் என்பதையே அறியாதிருக்கிறார்கள்.

நம்பிக்கை உடைந்த இரு தருணங்கள்

அறியாமல் கொடுப்பதன் ஆபத்தை நாடு 2005 ஜூலையில் கற்றுக்கொண்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வழியாக லட்சக்கணக்கானோரிடம் நிதி திரட்டிவந்த தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி. டி. துரை, தம் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்டதாக எழுதிய நாளிதழ் நிறுவனத்தின்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். குறுக்கு விசாரணையில் அவருடைய மாதச் சம்பளம் 25,000 வெள்ளி என்பதும், அதற்குமேல் ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு மாத போனஸ் பெற்றார் என்பதும், நிறுவனத்தின் சேமிப்பு 262 மில்லியன் வெள்ளி என்பதும் வெளிவந்தன. இரண்டே நாளில் வழக்கு கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தம் மாத நன்கொடையை நிறுத்தினார்கள். நிர்வாகக் குழு பதவி விலகியது. மக்களைக் கொதிக்க வைத்தது தொகையின் அளவைவிட, ஐந்தும் பத்துமாகக் கொடுத்தவர்களுக்கு எதுவும் சொல்லப்படாமல் இருந்ததே. அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை 2007இல் வகுக்கப்பட்டதற்கு அந்தக் கொதிப்பே காரணம்.

இரண்டாவது தருணம் அரசியல் தலைமையைச் சேர்ந்தது. அமைச்சர் பதவிக்கு உலகிலேயே மிக உயர்ந்த ஊதியம் தருவது, திறமையானவர்களை ஈர்க்கவும் ஊழலைத் தடுக்கவும் என்பது 1994ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை முதல் சிங்கப்பூர் சொல்லிவரும் நியாயம். 2007இல் அந்த ஊதியம் மேலும் உயர்த்தப்பட்டபோது எழுந்த முணுமுணுப்புக்கு விடையாக, பிரதமர் லீ சியன் லூங் தமக்குக் கிடைக்கும் உயர்வை ஐந்தாண்டுகளுக்கு நற்பணிகளுக்கு வழங்குவதாக அறிவித்தார். முணுமுணுப்பு அதனால் அடங்கிவிடவில்லை. 2011 தேர்தலுக்குப் பின் அமைந்த ஜெரார்ட் ஈ குழுவின் பரிந்துரைப்படி ஊதியம் குறைக்கப்பட்டது. ஊழலில் சிக்கிய சிறுநீரக அறநிறுவனத்தை 2005இல் ஏற்று நிமிர்த்தியவரும் இதே ஜெரார்ட் ஈ தான் என்பது கவனிக்கத்தக்கது: கொடையில் உடைந்த நம்பிக்கையைச் சீர்செய்தவரிடமே, ஊதியத்தில் உரசிய நம்பிக்கையும் ஒப்படைக்கப்பட்டது. பிறகு 2024இல், போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன், தம் அலுவலோடு தொடர்புள்ள தொழிலதிபர்களிடமிருந்து ஃபார்முலா ஒன் நுழைவுச்சீட்டு, விமானப் பயணம், மதுப்புட்டிகள், மிதிவண்டி என ஏறத்தாழ 4 லட்சம் வெள்ளி மதிப்பிலான பொருள்களைப் பெற்ற குற்றத்துக்காகவும், நீதிக்கு இடையூறு செய்த குற்றத்துக்காகவும் அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தனிமனிதர் தாமாகக் கொடுத்ததுதான் என்றாலும், பெறுபவர் பொது ஊழியராக இருக்கும்போது கொடை குற்றமாகிவிடுகிறது. மில்லியன் வெள்ளி ஊதியம் அந்தக் கோட்டைத் தானாகக் காத்துவிடாது என்பதும் அன்று நிறுவப்பட்டது.

எதிர்க்கட்சிப் பக்கமும் குறையற்றதல்ல. 2020இல் முதன்முறையாக அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவரான பாட்டாளிக் கட்சியின் பிரித்தம் சிங், சாதாரண உறுப்பினரின் 192,500 வெள்ளி ஆண்டுப்படி தமக்கு 385,000 வெள்ளியாக இரட்டிப்பானபோது, கூடுதல் தொகையில் வரிபோகப் பாதியை வசதி குறைந்தோருக்கும் நற்பணிகளுக்கும் கட்சிப் பணிகளுக்கும் தருவதாக அறிவித்தார். நல்ல முடிவுதான். ஆனால் அதே கட்சியின் செங்காங் உறுப்பினர் ரயீசா கான் நாடாளுமன்றத்தில் பொய்யுரைத்ததை ஒப்புக்கொண்டு 2021 நவம்பரில் விலகியதையும், அது தொடர்பான நாடாளுமன்றக் குழு விசாரணையில் பொய்யுரைத்ததாகப் பிரித்தம் சிங்கே 2025 பிப்ரவரியில் தண்டிக்கப்பட்டதையும் அந்த ஈகையால் ஈடுகட்ட முடியவில்லை. லீயின் அறிவிப்பும் சிங்கின் அறிவிப்பும் ஒன்றையே காட்டுகின்றன: தலைவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுப்பது அவருடைய குணத்துக்குச் சான்றாகலாம், பொதுப்பொறுப்புக்கு அது கணக்காகாது.

கீழ்த்தளத்தில் நடப்பது

ரயீசா கான் விலகிய பிறகு, குழுத்தொகுதியில் ஒருவர் இடம் காலியானால் இடைத்தேர்தல் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், மீதமிருந்த மூவரே காம்பஸ்வேல் வட்டாரத்தையும் 2025 தேர்தல் வரை பகிர்ந்து கவனித்தார்கள். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி எனப்படும் வாராந்தர ஏற்பாட்டின் சுமை அதனால் கூடியது. 1955இல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் இது. இரண்டாண்டு கழித்துப் பாட்டாளிக் கட்சியை நிறுவியவரும் அவரே. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெரும்பாலும் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்தான் இதை நடத்துகிறார்கள்: மடக்கு மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசை எண் சீட்டு, மடிக்கணினியில் தட்டச்சு செய்யும் தொண்டூழியர்கள். வேலை முடிந்து சட்டை கசங்கி வந்த ஒருவர், வீவகவுக்கோ போக்குவரத்துக் காவல்துறைக்கோ மத்திய சேமநிதிக் கழகத்துக்கோ எழுத வேண்டியதைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் கடிதமாக்குகிறார். உறுப்பினர் படித்துக் கையொப்பமிடுகிறார். மக்கள் செயல் கட்சியின் தொகுதிகளிலும் இதே வேலை இதே பொறுமையோடு நடக்கிறது. எந்தக் கட்சி மேசையிலும் பணம் கைமாறுவதில்லை. இரவு பத்து மணிக்குமேல் தொண்டூழியர் தரும் நேரமே அங்கே கொடை. உறுப்பினர் தருவது கையொப்பம் மட்டுமே, உரிமையுள்ளதைத் தர வேண்டியது அரசு அமைப்பு.

பணம் கொடுப்போர் தொகையோ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தேசியத் தொண்டூழிய, அறக்கொடை நிலையத்தின் ஆய்வின்படி, நன்கொடை அளித்தவர்கள் 2018இல் 79 விழுக்காடு, கொவிட் காலமான 2021இல் 63 விழுக்காடு. கொடுத்த தொகையைப்போல் இரண்டரை மடங்கை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை 2016 முதல் இருந்தும் இந்நிலை. உலகப் போக்கும் சாதகமாக இல்லை. 1961 முதல் இயங்கிய அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பே 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அரசுகள் கையை இழுத்துக்கொள்ளும்போது தனிமனிதர் ஈகை அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்ப்பது வீண். காமராசர் ஆட்சியில் மதிய உணவும் பள்ளிச் சீரமைப்பும் ஊர்மக்களின் நெல்லாலும் காசாலும் தொடங்கினாலும், அரசு தன் பங்கை உறுதியாகச் செலுத்தியதால்தான் அவை நிலைத்தன.

எந்த ஏற்பாட்டிலும் சேராதவர்களும் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் 2008 முதல், வேலையில் காயமுற்றும் சம்பள வழக்கில் சிக்கியும் வருமானமின்றித் தவிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, டிடபிள்யூசி2 என்னும் அமைப்பு தனியார் நன்கொடையில் இலவச உணவு வழங்கிவருகிறது. சாப்பிட வருபவர்களில் தமிழ்நாட்டவரும் வங்காளதேசத்தவரும் அதிகம். சிண்டாவின் பிடித்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை, எந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலிலும் இல்லை. நன்றியை வாக்காக மாற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லாத இடத்தில் நடப்பதால், அந்தத் தட்டில் விழும் சோறுதான் கலப்படமில்லாத கொடை.

செங்காங்குக்குத் திரும்பினால், தீர்வு சிக்கலானதல்ல. வரிப்பணத்தில் எழும் நடைபாதையை யாரும் தம் பரிசாகக் காட்டிக்கொள்ளக் கூடாதென்றால், அதை முன்மொழியும் பொறுப்பு வாக்காளர் தேர்ந்தெடுத்தவரிடம் இருக்க வேண்டும். உள்ளூர்ப் புரவலரின் நன்கொடை எந்தக் கட்சியின் நிழலும் படாமல் ஏழையைச் சேர வேண்டுமென்றால், அதைப் பகிர்ந்தளிக்கும் குழுவுக்கு எந்தக் கட்சியின் வேட்பாளரும் ஆலோசகராக இருக்கக் கூடாது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் இன்றைய நிலையைவிட நேர்மையானதே. ஆலோசகர் நியமனம் அரசின் கையில் உள்ள நிர்வாக முடிவு. அடுத்த தேர்தலுக்குக் காத்திராமல் அதை மாற்றலாம்.